மறுசோதனை

பெங்களூர்,
16 மே 1999

அன்புள்ள குழலிக்கு,

ஜெமி எழுதுகிறேன். இங்கே கர்த்தருடைய கிருபையால் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. நம் லினக்ஸ் மெயிலிங் லிஸ்ட்டில் முந்தாநாள் ஒரு ஆளை நீ வாட்டி எடுத்ததைப் படித்தேன். நல்ல தெம்போடுதான் இருக்கிறாய்.

மெயில் அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுமே, இவள் ஏன் கவர் வாங்கி ஒட்டுகிறாள் என்று நினைப்பாய். எங்கள் லேபில் போகிற மெயில், வருகிற மெயில் எல்லாவற்றையும் மேனேஜர் பார்க்கிறார். பார்ப்பேன் என்று சொல்லித்தான் வேலைக்கே எடுத்தார். அதனால் சர்வர் கதையை நீ லிஸ்ட்டில் ஊருக்கே பேசு. என்னோடு பேசுவதை மட்டும் தபாலில் பேசு.

வேலை பிடித்திருக்கிறது. கம்பெனிகள் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எது எவ்வளவு வேகம் என்று நாங்கள் அளந்து சொல்கிறோம். அளப்பதற்கென்றே ஒரு இடம், அதற்கென்று ஆட்கள், குளுகுளு அறை. தரமணி பாலிடெக்னிக்கில் நீயும் நானும் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கென்று நாற்காலி இருக்கிறது, சக்கரம் வைத்தது. பக்கத்து நாற்காலியில் மஜீது என்று ஒருவர். ஆம்பூர்க்காரர், வாயே திறக்கமாட்டார், தங்கமான மனிதர்.

ஹாஸ்டலில் சாம்பாருக்கு வெல்லம் போடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிடாதே, அழுவாள். அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "வேல இருக்குற மட்டும் இரி. வேல இல்லன்னா அன்னைக்கே வீட்டுக்கு வரணும், பெறவு நாங்க சொல்லுத எடத்துல கழுத்த நீட்டணும்." அந்த வாக்கின் மேல்தான் நான் இங்கே இருக்கிறேன். அதனால் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்க்கிறேன்.

நேரம் கிடைத்தால் வண்ணாரப்பேட்டை பக்கம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு எழுது.

உன்
ஜெமி


வியாசர்பாடி,
30 மே 1999

என் ஜெமிக்கு,

உன் கடிதத்தை நைனாதான் வாங்கி வைத்திருந்தார். பேசின் பிரிட்ஜ் யார்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் படுக்கப் போகாமல், "அந்தப் பொண்ணு இன்னா எய்திகீது, படி" என்று உட்கார்ந்துவிட்டார். சாம்பாரில் வெல்லம் என்று படித்ததும் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்குப் போனேன். உன் அப்பா மூட்டை இறக்கும் ஆட்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். உன் அம்மா மாடியிலிருந்தே, "ஏட்டி குழலி, தெருவுல நின்னு என்ன செய்த, மேல வா" என்றார். நான் வாயைத் திறக்குமுன் தட்டில் தோசை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வெல்லத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

இங்கே என் கதையைக் கேள். திருவொற்றியூர் யார்டில் இப்போது எல்லா கவுன்டரும் என் லினக்ஸ் சர்வரில்தான் ஓடுகிறது. எந்த கன்டெய்னர் எந்த வரிசையில், எந்த டிரெய்லர் எப்போது உள்ளே வந்தது, எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். எடைமேடையில் சீட்டு அடிக்கிற பெண்ணாகச் சேர்ந்தவள் நான். மூலையில் தூக்கிப் போட்டிருந்த மெஷினைக் கேட்டு வாங்கி, அதில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றி, ஒன்றரை வருஷமாக நிற்காமல் ஓட்டுகிறேன். கடல் காற்றில் கதவுக் கீல்கூட துருப்பிடித்துவிட்டது. என் சர்வர் அசையவில்லை.

ஆனால் போன வாரம் டை கட்டிய ஒருவர் வந்து எங்கள் முதலாளி ஜெயவேல் சாரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார். விலைக்கு விற்கும் சிஸ்டத்தின் ஆள். அவர் போனதும் சார் என்னைக் கூப்பிட்டார்.

"கொயலி, நல்லாத்தான் ஓடிக்கினு கீது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஓசில வந்த சாமான். நாளைக்கு நின்னுபோச்சுன்னா யார் சட்டையப் புடிக்கிறது?"

"என் சட்டையப் புடிங்க சார்."

சிரித்தார். ஆனால் அந்த ஆள் கொடுத்துவிட்டுப் போன காகிதங்களை மேஜையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

என்னைப் போல ஒருத்தியை யாரும் மெஷின் ரூமுக்குள் விடமாட்டார்கள் என்று இருந்தேன். இப்போது சாவி என் இடுப்பில். அது போகக்கூடாது, ஜெமி.

உன்
குழலி


பெங்களூர்,
11 ஜூலை 1999

அன்புள்ள குழலிக்கு,

இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

லினக்ஸையும் விலைக்கு விற்கும் சிஸ்டத்தையும் ஒரே மெஷினில் ஓட்டி ஒப்பிட்ட அறிக்கை ஒன்று வந்திருக்கிறதே, லிஸ்ட்டில் எல்லோரும் அதைக் கிழித்துக்கொண்டிருக்கிறீர்களே. அந்தச் சோதனையை ஓட்டியது மஜீதும் நானும்தான். முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அளந்த கணக்கில் பொய் இல்லை. லினக்ஸ் மிகவும் பின்தங்கியது நிஜம். ஆனால் அளந்த விதத்தைக் கேள். பெரிய மெஷின், நான்கு பிராசஸர், நான்கு நெட்வொர்க் கார்டு. விலைக்கு விற்கும் சிஸ்டத்தைச் செய்தவர்களே இரண்டு இன்ஜினியர்களை அனுப்பினார்கள். டிபன் கேரியரோடு வந்து ஆறு நாள் எங்கள் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு செட்டிங்காக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, எது அதிக வேகம் தருகிறதோ அதை வைத்தார்கள். லினக்ஸுக்கு நான் ஒருத்தி. சி.டி.யிலிருந்து ஏற்றியபடியே ஓட்டு, எதையும் தொடாதே என்று உத்தரவு. மெஷினில் இருந்த மெமரி முழுவதையும் அது எடுத்துக்கொள்ளக்கூட இல்லை. அது தெரிந்தும் அப்படியே ஓட்டினோம்.

மனசு கேட்காமல், லேபுக்கு வெளியே ஒரு இன்டர்நெட் கடைக்குப் போய், நம் லிஸ்ட்டில் ராஜன் என்ற பெயரில் ஒரு கேள்வி போட்டேன். இவ்வளவு பெரிய மெஷினில் லினக்ஸை எப்படி அமைப்பது என்று. ஒருவர், கையேட்டைப் படித்துவிட்டு வா என்றார். இன்னொருவர், நீ எதிராளி அனுப்பிய ஆள், உனக்குப் பதில் கிடையாது என்று எழுதினார். அந்த இன்னொருவர் நீ.

அன்று சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

இதை உன்னிடம் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உன்னோடு இருக்கட்டும். அந்த இரண்டு இன்ஜினியர்களை விட்டால் அந்த அறையில் இருந்தவர்கள் மேனேஜர், மஜீது, நான், மூன்றே பேர். வெளியே ஒரு சொல் போனாலும் எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும்.

உன்
ஜெமி


வியாசர்பாடி,
20 ஜூலை 1999

ஜெமி,

ராஜன் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால் எனக்கு எப்படியடி தெரியும்? ஜெமி என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே ரயிலேறி வந்து அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் ஆறு நாள் உட்கார்ந்தால் நான் பத்து நாள் உட்கார்ந்திருப்பேன். கையெழுத்தாம் கையெழுத்து.

கோபமாக எழுதிவிட்டேன். நீ ராஜனாக எழுதிய கேள்வியை இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். எவ்வளவு பணிவாகக் கேட்டிருக்கிறாய். நான் எழுதிய பதிலைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது. சரி, அது போகட்டும்.

அந்த டை கட்டியவர் அறிக்கையின் நகலோடு மறுபடி வந்தார். ஜெயவேல் சார் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். எங்களிடம் இருப்பது ஒரு பிராசஸர், ஒரு கார்டு உள்ள சின்ன மெஷின், அந்தச் சோதனைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் லேபுல வச்சி அளந்துகிறான், நீ இன்னாத்த வச்சி அளந்த?" என்றார். ஆகஸ்ட் கடைசியில் முடிவு பண்ணுவாராம். மாற்றினால் அவர்கள் ஆளே வந்து பார்த்துக்கொள்வான், என் சம்பளத்தைக் குறைக்கமாட்டார், எடைமேடைக்குத் திரும்பிப் போனால் போதும் என்கிறார். பெரிய மனசு.

நீ வாயைத் திறந்தால் இது நின்றுவிடும். லிஸ்ட்டில் எழுது. ஒரு பக்கத்துக்கு ஆறு நாள் இரண்டு பேர், இன்னொரு பக்கத்துக்கு ஒன்றும் தொடாதே என்று உத்தரவு, அவ்வளவு எழுதினால் போதும். நீ எழுதினால் உலகமே கேட்கும். நியாயமாக அளந்தால் நாம் ஜெயிப்போம், ஜெமி. எனக்குச் சந்தேகமே இல்லை.

குழலி


பெங்களூர்,
1 ஆகஸ்ட் 1999

அன்புள்ள குழலிக்கு,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றுகிறேன். நீ எடைமேடைக்குத் திரும்புகிற வரியைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்.

வெளியே எழுத என்னால் முடியாது. ஆனால் சும்மா இருக்கவில்லை. மேனேஜரிடம் நேராகப் போய், இரண்டு பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டு, அவரவர் சிஸ்டத்தை அவரவரே அமைத்துக்கொள்ளட்டும், மறுபடி அளப்போம் என்று சொன்னேன். முறைத்தார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, லேபின் பெயர் கெடுவது அவருக்கும் பிடிக்கவில்லை, சோதனைக்குப் பணம் கொடுத்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நான் சொன்ன ஒன்றை அவர் காதில் போட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. ஜெயவேல் சாரிடம் எப்படியாவது பேசித் தள்ளிப்போடு.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே ஹாஸ்டல் தெருமுனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. சாயங்காலம் தனியாகப் போய், ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்காருகிறேன். யாரும் என்னைப் பார்த்து, வெள்ளத்துரை நாடார் மகளா என்று கேட்பதில்லை. இத்தனை வயதுக்கு இது எனக்கு முதல் தடவை. நாசரேத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை இருப்பதாக அம்மா போனில் சொன்னாள். வேலை இருக்கிறதே அம்மா என்றேன். அந்த ஒரு பதில்தான் என்னிடம் இருக்கிறது.

பொறுத்துக்கொள், குழலி. எனக்காக.

உன்
ஜெமி


திருவொற்றியூர்,
17 ஆகஸ்ட் 1999

ஜெமிக்கு,

ஆபீசிலிருந்தே எழுதுகிறேன். இன்று காலை அந்தக் கம்பெனி ஆள் சர்வர் வைக்கும் இடத்தை அளவெடுக்க வந்தான். என் மெஷின் ரூமில் நின்றுகொண்டு, இந்த மேஜையை எடுத்துவிடுங்கள் என்று பியூனிடம் சொன்னான். நான் அங்கேயே நின்றிருந்தேன். என்னை அவன் பார்க்கவே இல்லை.

மதியம் லிஸ்ட்டில் எழுதிவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை. பெண் என்றுகூடச் சொல்லவில்லை. ஆறு நாள், டிபன் கேரியர், மெமரியை முழுக்க எடுக்காதது, இவற்றை மட்டும்தான் எழுதினேன். அதைக்கூட எழுதாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் உடனே எழுது.

குழலி


வியாசர்பாடி,
12 செப்டம்பர் 1999

ஜெமி,

ஏன் எழுதவில்லை? ஹாஸ்டலுக்குப் போன் செய்தால் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்கள். கன்னடத்தில் வேறு என்னவோ சொன்னார்கள், புரியவில்லை.

நான் எழுதியது எங்கெங்கோ போய்விட்டது. அமெரிக்கா லிஸ்ட்டிலெல்லாம் அதையே பேசுகிறார்கள். உங்கள் லேப் மறுசோதனை என்று அறிவித்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் அனுப்பலாமாம். நம் பக்கத்துக்குப் பெங்களூரிலிருந்து இரண்டு பேர், கூட என்னையும் சொல்லியிருக்கிறார்கள். ஜெயவேல் சார் அதைக் கேட்டு, "நீயே போய்க் கூட இருந்து அளக்கறியா? அப்ப முடியட்டும்" என்று ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

நீ கேட்டது இதைத்தானே, ஜெமி? இரண்டு பக்கமும் உட்கார்ந்து அளப்பது. வந்துவிட்டது பார். நீ கோபமாக இருந்தால் அங்கே நேரில் வைத்துக்கொள். சக்கரம் வைத்த உன் நாற்காலியில் என்னையும் பாதி உட்காரவிடு. காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன், உனக்கு.

உன்
குழலி


வியாசர்பாடி,
17 அக்டோபர் 1999

ஜெமிக்கு,

இதை வண்ணாரப்பேட்டை விலாசத்துக்கு அனுப்புகிறேன். நடந்தே வந்து கொடுக்கிற தூரம்தான். நேற்று வந்தேன். உன் அம்மா மாடிப்படிக்குக் கீழேயே நின்று, "அவ உறங்குதா, பெறவு வா" என்றார். அந்த வீட்டில் என்னைப் படிக்குக் கீழே நிறுத்தியது இதுவரை நடந்ததில்லை. உன் அப்பா கடைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் வந்துவிட்டேன்.

பெங்களூரில் லேபுக்குள் நுழைந்ததும் உன் நாற்காலியைத்தான் தேடினேன். அதில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். மஜீதிடம் கேட்டேன். அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க வேலய விட்டுப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றார். எப்படி, ஏன் என்று கேட்டபோது தன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அங்கிருந்த நாள் முழுக்க அவர் என்னோடு வேலை தவிர வேறு பேசவில்லை. கருவாட்டை ஹாஸ்டல் வாசலில் இருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

சோதனை எப்படிப் போனது என்று வேறு யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் கொடுத்தார்கள். மெமரி முழுவதும் எடுக்கவைத்தோம். நீ தொடக்கூடாது என்று இருந்த எல்லாவற்றையும் தொட்டோம். அவர்கள் ஆட்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. முதல் தடவையைவிட லினக்ஸ் எவ்வளவோ வேகமாக ஓடியது. அப்படியும் தோற்றோம். கொஞ்சநஞ்சம் இல்லை, அவர்கள் எங்களைப்போல் இரண்டு மடங்கு. மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். சுமை ஏற ஏற நம்முடையது ஒரு கட்டத்துக்கு மேல் நகரவே இல்லை. நான்கு பிராசஸரில் மூன்று சும்மா காத்திருக்கிற மாதிரி இருந்தது. ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில், ஒரே பிராசஸர், ஒரே கார்டு வைத்தும் ஓட்டவேண்டும் என்று கேட்டேன். அதில் இரண்டும் ஏறக்குறைய சமம். அதையும் அறிக்கையில் சேர்த்தார்கள்.

திரும்பி வந்தால் லிஸ்ட்டில் பாதிப் பேர், இந்தச் சோதனையும் மோசடி என்கிறார்கள். இல்லை, நான் கூடவே இருந்தேன், நியாயமாகத்தான் அளந்தார்கள், நாம் தோற்றோம் என்று எழுதினேன். இப்போது என்னையே விலை போனவள் என்கிறார்கள்.

ஜெயவேல் சார் அந்த ஒற்றைக் கார்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு, "நம்ம சைசுக்கு ரெண்டும் ஒண்ணுதான் கீது, அப்பறம் இன்னாத்துக்கு செலவு" என்று ஆர்டரைத் தூக்கிப் போட்டுவிட்டார். சாவி என்னிடமே இருக்கிறது. சம்பளம்கூடக் கொஞ்சம் ஏற்றினார். அன்றைக்கு மெஷின் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். "அந்தப் பொண்ணு உன்ன நம்பி சொல்லிச்சி" என்றார், அவ்வளவுதான். பிறகு அவர் என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்பதே இல்லை.

கூப்பிடு, ஜெமி. எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன். கடைக்குப் பின்சந்தில் வந்து நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

குழலி


வண்ணாரப்பேட்டை,
28 நவம்பர் 1999

கார்குழலிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஹாஸ்டலுக்கு வந்ததையும் மஜீது அனுப்பிவைத்தார். முன்பே எழுதியிருக்கலாம். கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன். கோபம் தணிந்துவிட்டது. தணிந்த பிறகும் பழைய மாதிரி எழுத வரவில்லை என்று தெரிந்துகொள்ள இத்தனை நாள் ஆயிற்று.

நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லவில்லை என்கிறாய். சொல்கிறேன். நீ எழுதிய மறுவாரம் மேனேஜர் அதை அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். முதலில் சந்தேகப்பட்டது மஜீதைத்தான், அவர் லிஸ்ட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால். அவர் மனைவிக்கு அது ஒன்பதாவது மாசம். அவர் வாயைத் திறக்காமல் நின்றார். தான் இல்லையென்றால் நான்தான் என்று அவருக்குத் தெரியும், என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லை. நான்தான் வெளியே சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். யாரிடம் என்று கேட்டார். அதைச் சொல்லவில்லை. அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

வெளியே போகும்போது மேனேஜர் ஒன்று சொன்னார். பணம் கொடுத்தவர்கள் மறுசோதனைக்குச் சம்மதித்துவிட்டார்களாம், அதை எனக்குச் சொல்லத்தான் இருந்தாராம். நிஜமாகவே சம்மதித்திருந்தார்களா, என்னை நோகடிக்கச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அதை இனி அளந்து பார்க்க வழி இல்லை.

கொடுத்த வாக்குப்படி அன்றே வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா மறுநாள் காலையில் வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். பஸ் வேலூரில் நின்றபோது, "ஏதாச்சும் திங்கியா" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீடு வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு.

ஜனவரியில் நாசரேத்தில் கல்யாணம். அவர் பெயர் தேவப்பிரியம். ஒரு தடவை வந்து பேசினார். மரியாதையான மனிதர். கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவளாமே, அந்த எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வாக்கு வாக்குத்தானே.

நீ தோற்றதைப் படித்து எனக்குச் சந்தோஷம் வரும் என்று முதலில் நினைத்தேன். வரவில்லை. மூன்று பிராசஸர் சும்மா காத்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது என்னை விடவில்லை. முதல் சோதனையின்போது எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. லினக்ஸின் மையமான கெர்னலின் மூல நிரலில் அந்தப் பகுதியை அப்போதே அச்செடுத்து வைத்திருந்தேன். வீட்டில் எனக்கு வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்து படித்தேன். நெட்வொர்க் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு பிராசஸரைத்தான் அது விடுகிறது. ஒன்று உள்ளே போய் வேலையை முடித்து வெளியே வரும்வரை மற்ற மூன்றும் வாசலில் நிற்கின்றன. நான்கு கார்டு வைத்தாலும் நாற்பது வைத்தாலும் அதே கதைதான். ஒற்றை பிராசஸரில் அந்தக் குறை தெரியாது, அதனால்தான் உங்கள் யார்டில் சமமாக வந்தது. எந்தெந்த இடம் என்று பின்பக்கத்தில் வரிசையாகக் குறித்திருக்கிறேன். லிஸ்ட்டில் போடு. சரிசெய்யத் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் சரிசெய்வார்கள். ஏற்கெனவே பட்டிருந்தாலும் நல்லதுதான். யார் சொன்னது என்று எழுதவேண்டாம். இதையாவது கேள்.

நீ வந்த அன்று நான் உறங்கவில்லை. படிக்கு மேலே நின்று உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ திரும்பிப் போகும்போது செருப்பை மாட்டத் தடுமாறினாய். அதுவரை பார்த்தேன்.

உன் வேலை நிலைத்ததில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. அந்தச் சாவியை யாருக்கும் கொடுக்காதே.

உனக்குப் பத்திரிகை அனுப்பவேண்டும் என்று அம்மா சொல்கிறாள். அனுப்பினாலும் நீ வராதே, குழலி. வெறுப்பில் சொல்லவில்லை. உன்னைக் கண்டால் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதுவிடுவேன், நாமும் பழையபடி ஆகிவிடுவோம். அதற்கப்புறம் உன்னிடம் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் முதலில் யோசிப்பேன். உன்னோடு அப்படி ஒரு பேச்சு எனக்கு வேண்டாம்.

ஜெமிமா